மழை வரும் பக்கங்கள்

மழையை மூன்று பக்கம் வருணிக்கும் நாவலை
நான் தாண்டித் தாண்டித்தான் படிப்பேன்.
மோல்மேன்காரிக்கு யாரும்
மழை சொல்லித் தர வேண்டாம்.
மே கடைசியில் பிடித்தால் அக்டோபர் வரை
பேரேட்டுக்கே பூஞ்சை பிடிக்கும் ஊர் இது.

எனக்கு வேண்டியது வேறு.
முதல் அத்தியாயத்திலேயே ஒரு பிணம்.
அல்லது வட்டிக் கணக்கு சரியாக வரும் குடும்பக் கதை.
டயர் கடையில் பதினெட்டு வருஷமாகக் கணக்கெழுதுகிறேன்,
'கடனை அடைத்தான்' என்று ஒற்றை வரியில் சொன்னால்
விடுவேனா? அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு?
இருமி இருமிச் சாகும் காதலிகளிடம்
எனக்கு இரக்கமில்லை.
அந்தத் தெருவில் ஒரு மருந்துக் கடைகூடவா இல்லை?

ரங்கூன் ஜீனத்துக்கு அந்த இருமல்தான் உயிர்.
தட்டோன் பவளக்கொடி
கோயில் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்தவள்,
நாளைக்கு இரண்டு பக்கம், விரல் வைத்து.
நாங்கள் மறந்த பாத்திரங்களின்
சித்தப்பா பெயர்வரை அவளுக்குத் தெரியும்.
தவுங்கூ சவரிராயன் கடைசிப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டு
"நல்லாத்தான் முடியுது, பயப்படாமப் படிங்க" என்பார்
குரல் செய்தியில்,
பின்னால் மாவு மில் ஓடும்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.
ஜீனத்தின் அலமாரியில் மூன்றாம் தட்டு தெரியும்.
சவரிராயனின் கட்டைவிரல் தெரியும்,
படமெடுத்து அனுப்பும் பக்கங்களின் ஓரத்தில்
நகக்கண்ணில் மாவோடு.

இங்கே கரண்ட் இரவு ஒரு மணிக்கு வரும்,
மூன்றுக்குப் போய்விடும்.
அதற்குள் மோட்டார் போட வேண்டும், உலை வைக்க வேண்டும்,
போனுக்கு உயிர் ஏற்ற வேண்டும்.
அவரவர் ஊரில் அவரவர் நேரம்.
திங்களன்று நான் போட்ட சண்டைக்கு
வியாழனன்று பதில் வரும்.
அதற்குள் எனக்குக் கோபம் ஆறி
வேறு புத்தகத்துக்குப் போயிருப்பேன்.

போன வருஷம் ஒரு தடித்த நாவல்.
வீடு காலி செய்த யாரோ விட்டுப் போனதில்
ஜீனத் கண்டெடுத்த ஒரே பிரதி.
பஸ் பார்சலில் ஊர் ஊராகப் போயிற்று.
அவள் பென்சிலில் கோடு போடுவாள், நான் பெருக்கல் குறி,
பவளக்கொடி ஒரு புள்ளி.
எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஜீனத்: 'அழுதேன்.'
நான் அழவில்லை.
தொண்ணூற்றொன்றில் ஒருத்தி
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணுகிறாள்.
அதைப் படித்துவிட்டு
டயர் அடுக்கின் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைசியாகச் சவரிராயனிடம் போனது.
பிறகு அந்தப் பக்கம் சிக்னல் இல்லை.
நாற்பத்தொரு நாள். நான் எண்ணுகிறவள்.

ரங்கூனுக்குப் போக வேண்டிய புத்தகம்
எனக்கு வந்தது.
முகவரி வேறு யாரோ எழுதியது,
அடையாள அட்டையில் மட்டும் இருக்கிற
என் பர்மியப் பெயருக்கு.
உள்ளே அவர் கையெழுத்து நூற்று நாற்பதுவரை.
அப்புறம் பக்கங்கள் சுத்தமாக இருந்தன.

நூற்று முப்பத்தேழில் மழை தொடங்குகிறது.
ஓரத்தில் சின்ன எழுத்தில்:
'மோல்மேன் அக்கா இதத் தாண்டியிருப்பாங்க.
அக்கா, மெதுவா.'

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது.
மோட்டார் போடவில்லை.
மூன்று பக்கமும் படித்தேன்,
பவளக்கொடி மாதிரி விரல் வைத்து.
வெளியே தகரத்தில் அதே மழை,
எது எந்த மழையென்று
ஓரிடத்தில் தவறிப்போனது உண்மை.

ஆனாலும் நீளம்தான்.
அரைப் பக்கம் வெட்டலாம்.
அவர் எழுத்துக்குக் கீழே அதை எழுதியிருக்கிறேன்,
அவர் பார்த்துச் சண்டைக்கு வரட்டும் என்று,
அடுத்த வரிக்கு
இடம் விட்டு.